கணினிக்கு ஒலிபெருக்கி வாங்குமுன்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபொழுது, அன்பர் ஒருவர் எங்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். “வீட்டுக் கணினிக்கு ஸ்பீக்கர் வாங்க வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கையில் இல்லை. எதைப் பார்த்து வாங்குவது?” என்றார். நாங்கள் ஒலிநூல் கற்றவர்கள் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, புகைவண்டி நிலையத்தில் ஏடெழுதிப் பிழைப்பவர்கள். ஆயினும் இந்தப் பொருளில் ஒருமுறை ஏமாந்து மறுமுறை தேறியவர்கள் என்பது அன்பருக்குத் தெரியும். ஒருவருக்குச் சொன்ன விடை பலருக்கும் பயன்படக் கூடும் என்றெண்ணி இங்கு எழுதுகிறோம்.

எங்கள் இல்லம் சித்தூருக்கு அண்மையில், கங்காதர நெல்லூரில் இருக்கிறது. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டம் ஆகும் வரை, இவ்வட்டாரம் வட ஆர்க்காட்டோடு சேர்ந்திருந்தது. சந்தையிலும் பேருந்திலும் தமிழும் தெலுங்கும் அக்காள் தங்கையாய்க் கைகோத்து நடப்பதை இன்றும் காணலாம். ஆனால் எங்கள் மகள் பயிலும் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமுமே கற்பிக்கின்றனர். தமிழைப் பேச வீதி உண்டு. எழுத வீடு ஒன்றுதான் உண்டு. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து எங்களுடன் வந்து தங்கியுள்ள அன்னையார்தாம் அவளுக்குத் தமிழாசிரியர்.

அன்னையாருக்குத் துணையாகக் கணினியையும் சேர்த்துக்கொண்டோம். 2001-ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தமிழக அரசால் தொடங்கப்பெற்று, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம், மழலைக் கல்விப் பாடங்களை ஒலியோடும் படத்தோடும் அளித்து வருகிறது. ஊரை விட்டு வந்த நம் போன்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அஃது ஒரு நல்ல துணை. நண்பர் ஒருவரிடம் பழைய மேசைக் கணினியைக் குறைந்த விலைக்குப் பெற்றோம். திரை இருந்தது, விசைப்பலகை இருந்தது. ஒலி தரத்தான் ஒன்றும் இல்லை. ஆகவே ஒலிபெருக்கி வாங்கப் புறப்பட்டோம்.

நாங்கள் ஏமாந்த கதை

கடைக்காரர் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து முன்னே வைத்தார். அதன்மேல் “5000 வாட்” என்று எரிமலைப் படத்தோடு அச்சிட்டிருந்தது. உள்ளே தடித்த ஒலிகளுக்கென ஒரு பெரிய பெட்டியும், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு சிறு பெட்டிகளும் இருந்தன. கடையில் ஒரு திரைப்படப் பாட்டைப் போட்டுக் காட்டினார். மேசை அதிர்ந்தது, எங்கள் மனமும் அதிர்ந்தது. விலையைக் கொடுத்து வாங்கி வந்தோம்.

வீட்டில் முதல் நாளே அன்னையார், “இடி இடிக்கிறது, மழைதான் வரவில்லை” என்றார். நாங்கள் சிரித்துவிட்டு இருந்துவிட்டோம். ஒரு திங்கள் சென்றபின் மகளின் ஏட்டைப் புரட்டியபொழுது, “பச்சைக் கிலி பலம் தின்றது” என்று எழுதியிருந்தாள். கிளியைக் கண்டு எங்களுக்கே கிலி பிடித்தது.

குழந்தையின் நா இன்னும் திருந்தவில்லை போலும் என்று முதலில் எண்ணினோம். அன்னையார் அதை ஒப்பவில்லை. அவளைப் பக்கத்தில் அமர்த்தி, “கிளி, பழம், வாழை, தவளை” என்று தாமே சொன்னார். அவள் ஒவ்வொன்றையும் பிழையின்றித் திருப்பிச் சொன்னாள். பிறகு கணினியில் பாடத்தைப் போட்டு, அது சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். “கிலி” என்றாள். “குழந்தையைக் குறை சொல்லாதே, உன் பெட்டி பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறது” என்று அன்னையார் தீர்ப்புக் கூறிவிட்டார்.

நாங்கள் நாள்தோறும் நடைமேடையில் கேட்கும் கூம்பு வடிவ ஒலிபெருக்கியை அன்றுதான் நினைத்துப் பார்த்தோம். அதில் இனிமை இல்லை, முழக்கம் இல்லை. ஆனாலும் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, காட்பாடி வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பது விளங்கிவிடுகிறது. காரணம் இதுதான். மனிதச் செவி, நொடிக்கு 20 அதிர்வு முதல் ஏறக்குறைய 20,000 அதிர்வு வரை உணரும். ஆனால் பேச்சை விளங்கிக்கொள்ள அவ்வளவும் வேண்டா. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 வரை உள்ள அதிர்வுகளை மட்டுமே கடத்தி, உலகத்துப் பேச்சையெல்லாம் சுமந்தது. நம் லகர, ளகர, ழகர வேறுபாடுகள் பெரிதும் இந்த நடுப்பகுதியில்தான் தங்கியிருக்கின்றன. தடித்த ஒலி மிகுந்தால், அது நடுப்பகுதியை மூடி மறைத்துவிடும். எங்கள் வீட்டில் நேர்ந்ததும் அதுவே.

வாட் என்னும் மாயம்

பெட்டியின்மேல் எழுதியிருந்த 5000 எங்கிருந்து வந்தது? பி.எம்.பி.ஓ. என்று ஒரு கணக்கு உண்டு. இமைப்பொழுதில் எழுந்து மறையக் கூடிய உச்சத்தைக் குறிப்பதாகச் சொல்லி அச்சிடும் எண் அது. அதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. எழுதுபவர் மனம்போல் எழுதலாம். நாம் தேட வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணையே. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலை அது காட்டும். லாஜிடெக் நிறுவனத்தின் இசட்-120 என்னும் சிறு இணை தன்னை 1.2 வாட் என்றே கூறிக்கொள்கிறது. மேசைமுன் அமர்ந்து பாடம் கேட்க அதுவே போதும். எண் சிறிதென்று இகழ வேண்டா. உண்மை சொல்லும் எண் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும்.

விளம்பர எண்களின் தொல்லை நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. அமெரிக்காவில் இத்தகைய மிகைக் கூற்றுகளைத் தடுக்க, ஒலிபெருக்குக் கருவிகளின் ஆற்றலை எவ்வாறு அளந்து கூற வேண்டும் என்று 1974-ஆம் ஆண்டிலேயே விதி செய்தனர்.

பெட்டி பொய் சொல்கிறதா என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. கணினியின் சாதாரண யூ.எஸ்.பி. துளை 5 வோல்ட் அழுத்தத்தில் அரை ஆம்பியர் மின்சாரம் தரும். இரண்டையும் பெருக்கினால் 2.5 வாட். புதிய வகைத் துளையானால் 4.5 வாட். அந்தத் துளையிலிருந்து மட்டுமே மின்சாரம் பெறும் ஒலிபெருக்கி 40 வாட் தருகிறது என்று எழுதியிருந்தால், படி நெல்லைக் குத்தி மரக்கால் அரிசி எடுத்த கதையே ஆகும்.

மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். ஆற்றலை இரண்டு மடங்காக்கினால் ஒலி இரண்டு மடங்கு ஆவதில்லை. 3 டெசிபல் மட்டுமே கூடும். செவிக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே 5 வாட்டுக்கும் 10 வாட்டுக்கும் உள்ள வேறுபாட்டிற்காக உணவுச் செலவைக் குறைத்துக்கொள்ள வேண்டா.

பெட்டியும் தாளும்

இன்று நாம் வாங்கும் ஒலிபெருக்கியின் அமைப்பு, 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரைசு, கெல்லாக் என்னும் இருவர் வகுத்துக் காட்டிய முறையை ஒட்டியதே. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். அச்சுருளோடு ஒட்டிய தாள் கூம்பு. சுருளில் மின்சாரம் பாய்ந்து மாறுகையில் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. தடித்த ஒலிக்கு மிகுந்த காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு அகன்ற கூம்பும் பெரிய பெட்டியும் தேவை. இரண்டு அங்குலக் கூம்பு மத்தளத்தை முழுதும் முழங்காது, அது குற்றமன்று. அவ்வளவு சிறியதை மத்தளம்போல் முழங்கச் செய்ய முயல்வதே குற்றம்.

குறைந்த விலையில் மூன்று பெட்டிகள் கொண்ட தொகுதியைக் காட்டிலும் இரண்டு பெட்டிகள் கொண்ட இணையே மேல் என்பது எங்கள் முடிவு. ஒரே தொகையை மூன்றாகப் பங்கிட்டால் மூன்றும் நலிந்து போகும். கையில் எடுத்துப் பாருங்கள். அட்டைபோல் இலேசாக இராமல், சிறிது கனமாகவும், தட்டினால் கலகலக்காமலும் இருக்க வேண்டும்.

பெயர்களைப் பொறுத்தவரை, சென்னையில் 1997-இல் தொடங்கிய ஜெப்ரானிக்ஸ், சிங்கப்பூரில் 1981-இல் தோன்றிய கிரியேட்டிவ், சுவிட்சர்லாந்தில் அதே ஆண்டில் பிறந்த லாஜிடெக் முதலியவை நம் கடைகளில் அறிமுகமானவை. எந்தப் பெயராயினும் நம் செவி ஒப்புக்கொண்ட பிறகே வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் சிறிது மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் பழுதானால் மறுபடியும் சென்னைக்குப் போக வேண்டும். வண்டிச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு மயங்க வேண்டா. உங்கள் கைப்பேசியில் பேச்சு ஒன்றைப் பதிந்து எடுத்துச் செல்லுங்கள். எங்கள் அன்னையாரின் குரலில் நாங்கள் பதிந்து சென்ற சொற்கள் இவை: வால், வாள், வாழ், தலை, தளை, தழை, அரம், அறம். திரையைப் பாராமல் கேளுங்கள். மூன்றும் மூன்றாகக் கேட்டால் அந்தப் பெட்டி தேறியது.

பிறகு ஒலியை மிகக் குறைத்துக் கேளுங்கள். சொல் அப்பொழுதும் விளங்க வேண்டும். முழுமைக்கும் உயர்த்துங்கள், குரல் கிழியலாகாது. ஒன்றும் ஒலிக்காத நேரத்தில் செவியை அருகே கொண்டு செல்லுங்கள். வண்டு முரல்வதுபோல் இரைச்சல் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒலி கூட்டும் திருகைத் திருப்பும்போது கரகரப்பு எழலாகாது. சுவர் மின்சாரத்தில் இயங்குவதாயின், அதன் அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மேசைக் கணினியின் பின்புறத்தில் பச்சை நிறத் துளையே பொதுவாக ஒலிபெருக்கிக்கு உரியது. கம்பி உங்கள் மேசைக்கு எட்டுமா என்பதையும் முன்னரே அளந்து செல்லுங்கள். கம்பியில்லாத புளூடூத் வகையில் ஒலி சிறிது பிந்தி வருவதுண்டு. உதடு முன்னும் சொல் பின்னுமாக வந்தால், உச்சரிப்புக் கற்கும் குழந்தை தடுமாறும். ஆகவே பாடத்திற்குக் கம்பியே நன்று.

செலவில்லாத திருத்தம்

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டா. இரண்டு பெட்டிகளும் கேட்பவர் தலையும் ஒரு முக்கோணத்தின் சம மூலைகளாக அமையுமாறு வையுங்கள். செவி உயரத்திற்கு வர, அடியில் ஒரு செங்கல்லோ பழைய புத்தகமோ போதும். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் தடித்த ஒலி மிகும். ஒரு முழம் முன்னே இழுங்கள். தடித்த ஒலிக்கெனத் தனித் திருகு இருந்தால் அதைக் குறைத்து வையுங்கள். நாங்கள் முதலில் செய்தது இவ்வளவே. அன்றே பாதி நோய் தீர்ந்தது.

செவிப்பொறி ஒன்றைக் குழந்தைக்கு மாட்டிவிட்டால் செலவு குறையுமே என்று சிலர் கேட்பர். சிறுவருக்கு 75 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரமே பாதுகாப்பான எல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. குழந்தையின் செவிக்குள் எவ்வளவு ஒலி பாய்கிறது என்பதை வெளியிலிருக்கும் நாம் அறிய முடியாது. அன்றியும், குழந்தை தனியே கேட்டால் பிழையைத் திருத்தப் பாட்டி பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

சில திங்கள் பணம் சேர்த்து, தொள்ளாயிரம் ரூபாயில் ஒரு சிறு இணை வாங்கினோம். தேர்ந்தெடுத்தவர் அன்னையார், நாங்கள் பை சுமந்தோம். பெரிய பெட்டி, திருமணம் ஒன்றிற்குப் பாட்டுப் போட உறவினர் வீட்டுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டது. அதற்கு உரிய இடம் அதுவே.

இப்பொழுது ஞாயிறு தோறும் மாலையில், ஊரிலிருந்து சின்னம்மா கணினியில் முகம் காட்டிப் பேசுகிறார். முன்பெல்லாம் அன்னையார், “என்ன சொன்னாள்?” என்று எங்களைக் கேட்பார், நாங்கள் இடையில் நின்று எடுத்துச் சொல்வோம். இன்று அவர் எங்களைக் கேட்பதில்லை. அக்காளும் தங்கையும் தாமே பேசிக்கொள்கின்றனர். மகள் இருவருக்கும் நடுவே அமர்ந்து, “பாட்டி, வாழைப்பழம்” என்று சொல்லிக் காட்டுகிறாள். ழகரம் பழுதின்றி விழுகிறது.

ஆதலால் அன்பர்களே, கடைக்குச் செல்கையில், “எத்தனை வாட்?” என்று கேட்பதற்கு முன், “எங்கள் வீட்டுப் பேச்சு இதில் விளங்குமா?” என்று கேளுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு விளங்கினால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் விளங்கும்.