மலேரியா: இறங்கிய கோடு ஏன் ஏறியது?

மலேரியா எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில் "சாக்கடை" என்பார்கள். சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. அது யானைக்கால் நோயைப் பரப்புவது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸுக்கு ஓரளவு தெளிந்த நீர் வேண்டும். நம் மாநிலத்தில் முக்கியமானவை இரண்டு: கிராமப்புறத்தில் குலிசிபேசிஸ், நகரங்களில் ஸ்டீபன்சி.

திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. எங்களுக்குப் பள்ளிச் சுற்றுலா என்றாலே சாத்தனூர் அணையும் முதலைப் பண்ணையும்தான். அந்த அணை தென்பெண்ணையின் குறுக்கே நிற்கிறது. தமிழகத்தின் பல பகுதிகளில் மலேரியா வெகுவாகக் குறைந்த பிறகும் தென்பெண்ணைக் கரை ஊர்களில் அது விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளம் ஓடும்போது கொசுப்புழுக்கள் அடித்துச் செல்லப்படும். ஓட்டம் குறைந்து, மணலிலும் பாறை இடுக்கிலும் நீர் குட்டை குட்டையாக நின்றுவிட்டால் குலிசிபேசிஸுக்குக் கொண்டாட்டம். இது மாட்டை அதிகம் கடிக்கும் கொசு. ஆனாலும் ஆளை விட்டுவிடாது.

கண்ணாடிக் குவளையில் புழுக்களைக் காட்ட முடிந்தால் பாடம் பாதி முடிந்த மாதிரி. அனோபிலிஸ் புழு நீர்மட்டத்தோடு படுத்த நிலையில் இருக்கும். கியூலெக்ஸ் புழு தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். (பார்த்து முடித்ததும் நீரைத் தரையில் கொட்டிவிடுங்கள்.)

பத்தாம் வகுப்புக்கு நான் தருவது வரைபடத்தாள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் இறப்புகள் என்பது மதிப்பீடு. 1965இல் சுமார் 1 லட்சம் பேர். இறப்பு எதுவும் பதிவாகவில்லை. 1976இல் 64 லட்சத்துக்கும் மேல். 2015இல் சுமார் 11.7 லட்சம், 2023இல் 2.27 லட்சம்.

ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடி என்று அளவு வைத்தால் 1947 ஏழரை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். 1965 பென்சில் முனையின் தடிமன்கூட இல்லை. 1976ஓ வெறும் 6.4 மில்லிமீட்டர். "எல்லாம் கீழேயே கிடக்குது சார்" என்பார்கள். முதல் எண்ணை விட்டுவிட்டு, ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்று மாற்றச் சொல்வேன். அதே 1976 இப்போது மலை மாதிரி எழுந்து நிற்கும். பதினோரு ஆண்டுகளில் அறுபத்து நான்கு மடங்கு. முதல் எண் மதிப்பீடு, மற்றவை ரத்தப் பரிசோதனையில் கண்டறிந்தவை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே கோட்டால் இணைப்பது சரியல்ல என்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இறங்கியதற்குக் காரணம் 1953இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம். வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தார்கள். 1958இல் அது ஒழிப்புத் திட்டமாக மாறியது. மறுபடி ஏறியதற்குக் காரணம் ஒன்றல்ல. கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்கப் பழகின. நோய் குறைந்ததும் காய்ச்சல்காரரைத் தேடிப்போய் ரத்தம் எடுக்கும் வேலை தளர்ந்தது. மருந்து தெளிப்பு கிராமங்களைக் குறிவைத்தது. நகரத்தின் கிணறுகளிலும் மாடித்தொட்டிகளிலும் ஸ்டீபன்சி நிம்மதியாக வாழ்ந்தது. நகர்ப்புற மலேரியா திட்டம் 1971இல்தான் வந்தது. அதன் பின்னும் பல்லாண்டுகள் தமிழகத்தின் மலேரியா நோயாளிகளில் பெரும்பங்கு சென்னையில்தான்.

என்னைக் கேட்டால் இவற்றுள் இரண்டாவது காரணம்தான் பெரிது. வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து திரும்ப வரக்கூடியது. மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் நின்றுவிடும். பிரைமாகுயின் மாத்திரையை மருத்துவர் சொல்லும் 14 நாளும் தின்றால்தான் அது போகும். தேடுவதை நிறுத்தினால் அந்த வீடு நம் கண்ணில் படாது. குளிர்நடுக்கத்தோடு விட்டுவிட்டுக் காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் வந்தால், ரத்தம் பார்த்தாயிற்றா என்று கேட்கும் இடத்தில் வகுப்பாசிரியர் இருக்கிறார்.

இலங்கையின் வரைபடமும் இதே கதைதான். 1963இல் அங்கே நாடு முழுக்க 17 பேர்தான். 1968-69இல் லட்சக்கணக்கில் திரும்பியது. பிறகு அரை நூற்றாண்டுப் பாடு. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல்; 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று. இம்முறை அவர்கள் தேடுவதை நிறுத்தவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்புவோரிடம் ரத்தப் பரிசோதனை தொடர்கிறது. அதே 2016 டிசம்பரில் மன்னாரில் முதன்முறையாக ஸ்டீபன்சி தென்பட்டது, நம் மாடித்தொட்டிகளில் பெருகும் அதே கொசு.

இந்தியாவின் இலக்கு 2030. எங்கள் பள்ளியில் தொட்டிகளுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து எழுதும் வேலை சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகளுடையது. மேலே ஏறுவது மட்டும் நான்.