தேயிலையைத் துளைக்கும் வண்டு

நாவலப்பிட்டிக்கு அருகே கிரேக்ஹெட் தோட்டத்தில் 1892இல் இவ்வண்டு முதன்முதலாக இனங்காணப்பட்டது. எள்ளளவேயான பெண் வண்டு தண்டைத் துளைத்து உள்ளே பூஞ்சணம் வளர்க்கிறது. புழுக்களுக்கு அதுவே உணவு. துளைபட்ட கிளை முறிந்தால் கொழுந்தும் வருமானமும் குறையும்.

மருந்தடித்தால் போகாதா? தண்டுக்குள் இருக்கும் வண்டைத் தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. முன்னர் டீல்ட்ரின் தெளித்த தோட்டங்களில், இலைசுருட்டிப் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த குளவி மடிந்தது, அப்புழு பெருகியது.

வட அமெரிக்காவில் பைன் மரப் பட்டை வண்டை விரட்ட, வெர்பினோன் என்னும் மணப்பொருளைப் பொட்டலமாகக் கட்டுகின்றனர். ஊசியிலைக் காட்டுக்கான அம்முறையை நம் தேயிலைக்கு அப்படியே கொள்ள முடியாது.

இடம்பெயர்ந்து புதுக் காணியில் தேயிலை நடும் நாம், தாக்கத்தைத் தாங்கும் இனம் எதுவென்று தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் கேட்போம். கவ்வாத்தின்போது துளையுள்ள கிளைகளை நலமான தண்டுவரை வெட்டுவோம். அந்த மிலாறுகளைச் செடியடியில் விட்டுவைக்க வேண்டாம்.