துருப்பிடித்த முதுகெலும்பு: பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் குறைந்த செலவில் மீட்பது எப்படி?

மாணவர்களே, முதலில் இரண்டு ஏ4 தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே அளவிலான குழாய்களாகச் சுருட்டுங்கள். ஒன்றின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை முழுமையாகச் செலோடேப் போட்டு ஒட்டுங்கள். மற்றதை ஒட்டாமல் கையால் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது ஒவ்வொரு குழாயின் இரு முனைகளையும் பிடித்து, துணி பிழிவதுபோல் எதிரெதிர்த் திசையில் முறுக்கிப் பாருங்கள்.

ஒட்டிய குழாய் பிடிவாதமாக நிற்கும். ஒட்டாத குழாய் எந்த எதிர்ப்பும் காட்டாமல் நெளிந்துவிடும். தாள் அதேதான், எடையும் அதேதான். ஓரம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதே வேறுபாடு. அறுபது ஆண்டுப் பழமையான ஒரு ஸ்போர்ட்ஸ் கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று முடிவு செய்வதும் இதே அறிவியல்தான்.

முதுகெலும்புள்ள கார்

பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் 1962ஆம் ஆண்டு ‘எலான்’ என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகப்படுத்தியது. நிறுவனத்தைத் தொடங்கியவர் காலின் சாப்மன். தேவையற்ற எடையைக் குறைப்பதே அவருடைய வாழ்நாள் கொள்கை. ஆரம்பக்கால எலானின் எடை 700 கிலோகிராமுக்கும் குறைவு. இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய குடும்பக் கார்கள்கூட பெரும்பாலும் அதைவிடக் கனமானவை.

லோட்டஸ் என்ற பெயர் மலேசிய வாசகர்களுக்குப் புதிதல்ல. 1996இல் புரோட்டோன் நிறுவனம் லோட்டஸின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2017இல் அவை சீனாவின் ஜீலி குழுமத்திடம் போகும்வரை அந்த உறவு நீடித்தது. 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கும் எலான்தான் முன்மாதிரி எனக் கார் ஆர்வலர்கள் சொல்வதுண்டு.

எலானின் வெளியுடல் கண்ணாடியிழையால் ஆனது. அது மழை, வெயிலைத் தாங்கும். ஆனால் இயந்திரத்தின் கனத்தையும் சாலைக் குழிகளின் அடியையும் அதனால் மட்டும் தாங்க முடியாது. அந்தப் பொறுப்பு உள்ளே ஒளிந்திருக்கும் அடிச்சட்டத்துக்கு உரியது. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, பற்றவைத்துச் செய்த ஒரு நீண்ட பெட்டி, காரின் நடுவே முதுகெலும்புபோல் ஓடுகிறது. முன்னும் பின்னும் அது கவட்டைபோல் இரண்டாகப் பிரிகிறது. முன் கவட்டைக்குள் இயந்திரம் அமர்கிறது. சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்கள் கவட்டைகளின் நுனிகளில் பொருத்தப்படுகின்றன.

இந்த அமைப்பு வலுவாக இருப்பதற்குக் காரணம் தகட்டின் தடிமன் அன்று. அது மூடிய பெட்டியாக இருப்பதே காரணம். உங்கள் தாள் குழாயும் அதைத்தான் காட்டியது.

ஒரு சிறிய கணக்கு

ஓர் எஃகுக் குழாயின் ஆரம் 25 மில்லிமீட்டர், தடிமன் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளம் முழுவதும் ஒரு பிளவு விழுந்தால், முறுக்கத்தை எதிர்க்கும் ஆற்றல் எத்தனை மடங்கு குறையும்? ஆரத்தைத் தடிமனால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 3ஆல் பெருக்க வேண்டும். 25 × 25 × 3 = 1,875. ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்!

அடிச்சட்டத்தில் சிறிய ஓட்டை விழுந்தவுடன் அத்தனை வலிமையும் போய்விடாது. ஆனால் தகடுகள் இணையும் விளிம்பு வழியாகத் துரு நீண்டுகொண்டே போனால், மூடிய பெட்டி மெல்ல மெல்லத் திறந்த பெட்டியாகிறது. வெளியே பளபளக்கும் கார், வளைவில் திரும்பும்போது உள்ளே நெளியத் தொடங்குகிறது.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் துரு உண்டாகிறது. உப்பு கலந்த நீர் மின்னூட்டத்தை எளிதில் கடத்துவதால் இந்த வேதிவினை வேகமாகிறது. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அதனால் அங்குள்ள பழைய கார்கள் அடிப்பகுதியிலிருந்து அரிக்கப்படுகின்றன.

எலானில் அதிகம் பாதிக்கப்படுவது முன்பக்கம். அங்கே குறுக்காக ஒரு பெட்டியும், அதன் இரு முனைகளிலும் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரண்டு தூண்களும் உள்ளன. தூண்களுக்குள் தேங்கும் நீர் வெளியேற வழியில்லாமல் போனால், துரு உள்ளிருந்து வெளியே வளரும். வெளிப்பூச்சில் ஒரு கொப்புளம் தெரியும் நேரத்தில் உள்ளே தகடு பிஸ்கட்போல் ஆகியிருக்கும்.

இங்கே ஒரு சுவையான தடயமும் உண்டு. எலானின் முன்விளக்குகள் வேண்டியபோது மேலெழும், வேண்டாதபோது கீழிறங்கும். ஆரம்பக்கால மாடல்களில் அவற்றை உயர்த்தியது வெற்றிட விசை. அந்த வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் தொட்டியாக அந்தக் குறுக்குப் பெட்டியையே பயன்படுத்தினார்கள். ஒரே பாகத்துக்கு இரண்டு வேலை! பெட்டியில் துரு ஓட்டை போட்டால் காற்று உள்ளே கசியும். விளக்குகள் தூக்கக் கலக்கத்தில் இமை மூடுவதுபோல் தானாகவே இறங்கும். ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் இப்படி நடக்கலாம். ஆயினும் சோதித்துப் பார்க்க வேண்டிய முதல் இடம் எது என்பதை அது சொல்லிவிடுகிறது.

செலவில்லாத வேலை முதலில்

பணம் குறைவாக இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது வெல்டிங் அல்ல, அளப்பது. அளப்பதற்கு நேரம்தான் செலவு.

போல்ட்டுகளைக் கழற்றினால் எலானின் கண்ணாடியிழை உடலைச் சில நண்பர்கள் சேர்ந்து தூக்கி அப்பால் வைத்துவிடலாம். இது கட்டாயமும்கூட, கண்ணாடியிழையில் உள்ள பிசின் தீப்பிடிக்கக்கூடியது. எரிபொருள் தொட்டியும் குழாய்களும் மின்கலமும் முழுமையாக அகற்றப்பட வேண்டும். பெட்ரோல் தீர்ந்த தொட்டி பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள். வெடிப்பது திரவமன்று, அதிலிருந்து எழும் ஆவி.

அடுத்து, சிறிய சுத்தியலால் சட்டம் முழுவதையும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு ‘டிங்’ என்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் உண்மை வெளிவரும்.

பிறகு சட்டம் கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தூக்குக் குண்டும் ஒரு நீண்ட அளவுநாடாவும் போதும். சட்டத்தில் இடப்புறமும் வலப்புறமும் ஒத்த நான்கு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, தூக்குக் குண்டின் மூலம் அவற்றைத் தரையில் குறிக்க வேண்டும். பிறகு இரு மூலைவிட்டங்களை அளக்க வேண்டும்.

அந்தச் செவ்வகம் 2,000 மில்லிமீட்டர் நீளமும் 600 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது என்போம். பித்தாகரஸ் தேற்றப்படி இரு மூலைவிட்டங்களும் ஏறத்தாழ 2,088 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பழைய விபத்து ஒன்றில் ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தால், ஒரு மூலைவிட்டம் சுமார் 2,098 ஆகும். மற்றது சுமார் 2,079 ஆகும். வேறுபாடு 19 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாத கோணலை மூலைவிட்டம் ஏறத்தாழ இருமடங்காக்கிக் காட்டிவிடுகிறது.

சட்டம் முறுக்கிக்கொண்டுள்ளதா என்பதை அறிய, நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய் போதும். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதால், நான்கு மூலைகளின் உயரங்களையும் ஒப்பிட்டுவிடலாம். லேசர் கருவி தேவையில்லை.

நிமிர்த்தலாமா, வெட்டலாமா?

ஒரு காகிதக் கிளிப்பைச் சற்றே வளைத்து விடுங்கள். பழைய நிலைக்குத் திரும்பும். இன்னும் அதிகமாக வளைத்தால் அப்படியே நின்றுவிடும். முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும். எஃகுத் தகடும் அப்படித்தான். மென்மையாக வளைந்த பகுதியைப் பொறுமையாக இழுத்து நிமிர்த்தலாம். ஆனால் கூர்மையாக மடிந்து கசங்கிய இடத்தில் உலோகம் ஏற்கெனவே களைத்துவிட்டது. அதை நிமிர்த்தினால் பார்வைக்குச் சரியாக இருக்கும். விரிசல் பிறகு வரும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைப்பதே முறை.

துருப்பிடித்த இடத்துக்கும் இதே விதி. துருவின் மேல் ஒட்டுத் தகடு வைத்து மூடுவது மலிவானது, வேகமானது, ஆபத்தானது. இரு தகடுகளுக்கு இடையே நீர் சிக்கிக்கொண்டு புதிய துருவை வளர்க்கும். நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி, அதே தடிமனில் புதுத் தகடு பொருத்த வேண்டும். ‘இன்னும் தடிப்பாக வைத்தால் இன்னும் வலுவாகுமே’ என்று தோன்றும். தடிப்பான தகடு வளையாது. அதனால் அதன் விளிம்பில் உள்ள மெல்லிய தகட்டில் தகைவு குவிந்து, அங்கே விரிசல் விடும்.

வெட்டுவதற்கு முன் இன்னொரு வேலை உண்டு. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய இரும்புச் சட்டங்களை அடிச்சட்டத்தின் குறுக்கே தற்காலிகமாகப் பற்றவைத்து, அது அசையாதபடி பூட்டிவிட வேண்டும். இரண்டு முன்தூண்களையும் ஒரே நேரத்தில் வெட்டிவிடக்கூடாது. ஒன்றை முடித்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். இரண்டையும் வெட்டிவிட்டால், புதிய தூண் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

வெப்பம் செய்யும் குறும்பு

ஒரு மீட்டர் எஃகை 100 பாகை செல்சியஸ் சூடாக்கினால் அது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். வெல்டிங்கில் உலோகம் உருகும் அளவுக்குச் சூடாகி, பின் ஆறிச் சுருங்குகிறது. ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால், அந்தச் சுருக்கம் சட்டத்தையே ஒரு பக்கம் இழுத்துவிடும். அளந்து வைத்த வேலையெல்லாம் வீண்.

ஆகவே முதலில் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைக்க வேண்டும். பிறகு இடப்பக்கம் சிறிது, வலப்பக்கம் சிறிது என்று மாற்றி மாற்றி, இடையே ஆறவிட்டு முடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மூலைவிட்டங்களை மீண்டும் அளக்க வேண்டும்.

எங்கே சிக்கனம் பிடிக்கக்கூடாது?

பிரித்தல், சுத்தம் செய்தல், அளத்தல், தகடு வெட்டுதல், வண்ணம் பூசுதல் ஆகியவற்றை உரிமையாளரே செய்து பணத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் சஸ்பென்ஷனைத் தாங்கும் இடங்களில் இறுதி வெல்டிங்கைப் பயிற்சி பெற்றவரிடம் விடுவதே அறிவு. வெளியே அழகான வரிபோல் தெரியும் வெல்டிங், உள்ளே தகட்டுடன் சேராமல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வேகமாக ஓடும்போது அது விட்டுப்போனால் சக்கரம் திசைமாறிவிடும்.

பிரிட்டனில் 2018 முதல், பெரிய மாற்றங்கள் செய்யப்படாத 40 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. அப்படியானால் அந்த வெல்டிங்கைச் சோதிப்பது யார்? உரிமையாளரின் மனசாட்சிதான். எதிரே வரும் காரில் இருக்கும் குடும்பத்துக்கு, இவர் எவ்வளவு பணம் மிச்சப்படுத்தினார் என்பது தெரியாது.

துரு பல இடங்களில் பரவியிருந்தால், பழுதுபார்ப்பதைவிட மாற்றிவிடுவதே மலிவு. துத்தநாகம் பூசிய மாற்று அடிச்சட்டங்களை லோட்டஸ் பிற்காலத்தில் வழங்கியது. ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் எஃகை அமிழ்த்தி எடுப்பதே இந்த முறை. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் வினைபுரியும். அதனால் பூச்சில் கீறல் விழுந்தாலும், இரும்புக்குப் பதில் தானே கரைந்து அதைக் காக்கிறது. பழுதுபார்த்த பழைய சட்டத்துக்கோ, துத்தநாகம் கலந்த பூச்சும், உட்குழிகளில் மெழுகும் தெளித்து, நீர் வடியும் துளைகளை அடைபடாமல் வைத்தாலே ஆயுள் கூடும்.

எலானை வடிவமைத்த ரான் ஹிக்மன் பற்றி ஒரு செய்தி. வீட்டில் மரவேலை செய்தபோது நாற்காலியையே வேலைமேசையாக்கிய அவர், ரம்பத்தால் அந்த நாற்காலியையும் சேர்த்து அறுத்துவிட்டார். அந்தத் தவறிலிருந்து பிறந்ததுதான் ‘வொர்க்மேட்’ என்ற மடக்கு வேலைமேசை. அவர் வடிவமைத்த காரைப் பழுதுபார்க்கும் பலர் இன்று அவருடைய மேசையில் வைத்தே தகடு வெட்டுகிறார்கள்.

செய்து பாருங்கள்: ஒட்டிய தாள் குழாயை மீண்டும் எடுங்கள். செலோடேப்பை ஒரு முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, முறுக்குங்கள். மேலும் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, மீண்டும் முறுக்குங்கள். எந்த நீளத்தில் குழாய் தளரத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். துரு அந்த எல்லையைத் தொடுவதற்கு முன்பே பழுதுபார்ப்பவர் அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.