யூரியா மூட்டைக்குள் இருப்பது மீத்தேன்தான்

காவிரிப் படுகையில் மீத்தேன் என்ற சொல்லுக்கு அறிமுகம் தேவையில்லை. மன்னார்குடியைச் சுற்றி நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கப் போகிறார்கள் என்றதும் ஊர் ஊராகப் போய் எச்சரித்தவர் நம்மாழ்வார் ஐயா. அந்தப் பரப்புரையின் நடுவில்தான், 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்தது. 2017இல் நெடுவாசல் எழுந்தது. 2020இல் படுகையைச் சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டமும் வந்தது.

மீத்தேன் வேண்டாம்னு தொண்டை வறளச் சொன்னோம். அதே மீத்தேனைத்தான் மூட்டை மூட்டையா வாங்கி வயல்ல வீசிக்கிட்டு இருக்கோம். யூரியாவைச் சொல்கிறோம். எப்படின்னு கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

காற்றில் இருக்கு, பயிருக்கு எட்டலை

நாம் மூச்சு விடும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். பயிருக்கு வேண்டிய தழைச்சத்து அதுதான். தலைக்கு மேலே இவ்வளவு கிடந்தும் நெல்லுக்கு அதில் ஒரு துளியும் நேராகக் கிடைக்காது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கின்றன. அந்தப் பிடி லேசில் விடாது. பிடியை உடைத்து, ஒவ்வொரு நைட்ரஜனோடும் மூன்று ஹைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா. விடியற்காலையில் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அதே வாடைதான். அம்மோனியாவாகி விட்டால் பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்.

இதை ஆலையில் செய்யும் வழியை 1909இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைப் பெரிய ஆலையாக்கினார். 1913இல் ஓப்பாவ் என்ற ஊரில் உற்பத்தி தொடங்கியது. மறு ஆண்டே உலகப் போர். உரத்துக்குப் பிறந்த அம்மோனியா வெடிமருந்துக்குப் போனது. போர் முடிந்த பிறகு மறுபடி வயலுக்குத் திரும்பியது.

அந்த வேலைக்கு என்ன வேண்டும் தெரியுங்களா? 400 டிகிரிக்கு மேல் சூடு. காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு வரை அழுத்தம். அதாவது கார் டயரில் அடிப்பதைவிட ஏறத்தாழ நூறு மடங்கு. இவை போக, மலிவான ஹைட்ரஜன்.

ஹைட்ரஜன் எங்கிருந்து வருது?

தண்ணீரிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. ஆனால் தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் நிறைய வேண்டும். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கரியும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்ததுதான் மீத்தேன். அதைக் கொதிநீராவியோடு சேர்த்துச் சூடேற்றினால் ஹைட்ரஜன் தனியே வரும், கரி கரியமிலவாயு ஆகும். அந்தக் கரியமிலவாயுவில் ஒரு பங்கைத் திரும்ப அம்மோனியாவோடு கூட்டினால் யூரியா. வயலில் யூரியா கரைந்ததும் அந்தக் கரியமிலவாயுவும் காற்றுக்கே போய்விடும்.

மணலி, தூத்துக்குடி யூரியா ஆலைகள் முன்பு நாஃப்தாவில் ஓடின. இப்போது எரிவாயுவுக்கு மாறிவிட்டன. ராமநாதபுரத்து எரிவாயுவைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோக 143 கிலோமீட்டர் குழாய் 2021இல் திறக்கப்பட்டது. நாட்டுக்குள் கிடைப்பது போதாமல் கத்தார் முதலான நாடுகளிலிருந்து கப்பலிலும் எரிவாயு வருகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். நம் ஆலைகளில் ஒரு டன் யூரியாவுக்குச் செலவாகும் ஆற்றல் சுமார் 55 லட்சம் கிலோகலோரி. 45 கிலோ மூட்டைக்கு இரண்டரை லட்சம் கிலோகலோரி வரும். வீட்டு சமையல் சிலிண்டர் ஒன்றில் இருப்பது சுமார் ஒன்றரை லட்சம். ஆக, ஒரு மூட்டை யூரியான்னா ஒன்றரை சிலிண்டருக்கு மேலே எரிச்சாச்சு! கடையில் நாம் தரும் 266 ரூபாய் 50 காசில் இந்தக் கணக்கு தெரியாது. மூட்டையின் அசல் விலை 2,200 ரூபாய் அளவு என்று அரசே சொல்லியிருக்கிறது. மீதி மானியம், அதுவும் நம்ம வரிப்பணம்தான்.

இவ்வளவு செலவில் வந்த தழைச்சத்தில் நெல் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு. மீதி அம்மோனியாவாக ஆவியாகும், நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கு இறங்கும், ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மேலே போகும். புவியைச் சூடாக்குவதில் நைட்ரஸ் ஆக்சைடு கரியமிலவாயுவைவிட ஏறக்குறைய 270 மடங்கு வல்லது.

வேரில் ஒரு ஆலை

இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும் ஆலை உளுந்து, தட்டைப்பயறு, சணப்பை, தக்கைப்பூண்டு வேர்களில் இருக்கிறது. வேர் முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் நுண்ணுயிர் நைட்ரஜனின் பிடியை நம் வயலின் சூட்டிலேயே, சாதாரண காற்றழுத்தத்திலேயே உடைக்கிறது. ஹைட்ரஜனுக்கு மீத்தேன் கிணறு வேண்டாம். செடியைச் சுற்றி இருக்கும் நீரிலிருந்தே கிடைத்துவிடுகிறது. எரிபொருள், செடி வெயிலில் சமைத்த சர்க்கரை. இலவசம் என்று சொல்ல மாட்டோம். செடி தன் உணவில் பங்கு கொடுத்துத்தான் இதை வாங்குகிறது.

இன்னொரு சேதி பலருக்குத் தெரியாது. இந்த வேலை நடக்கும்போது வேர் முடிச்சிலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள மண்ணில் இருக்கின்றன. பயறு போட்ட மண்ணில் அடுத்த பயிர் தெளிவாக வருவதற்கு அவையும் ஒரு காரணமா என்று ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள்.

ஆலை ஓடுதா, நின்னுபோச்சான்னு நீங்களே பார்க்கலாம். விதைத்த 30, 35 நாளில் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுங்க. பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். வேரைத் தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. நம் ரத்தத்துச் சிவப்புக்கு உறவான பொருள்தான் அந்தச் சிவப்பு. நைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அதை அளவோடு வைக்கும் காவல்காரன் இது. பயறு முடிச்சே வைக்காத நிலத்தில், விதையை ரைசோபியத்தோடு ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம். பயறுக்கு யூரியா போடாதீங்க. கேட்காமலே சோறு வந்தால் செடி முடிச்சு வைக்காது.

நெல்லுக்கு முன்னால் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, பூக்கும் தறுவாயில், 45 நாள் அளவில் மடக்கி உழுதால், நன்றாக வளர்ந்த ஏக்கரில் 25 கிலோவுக்குக் குறையாத தழைச்சத்து சேரும். ஒரு மூட்டை யூரியாவில் இருப்பது 20 கிலோ 700 கிராம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தழையை மடக்கிவிட்டு மாதக்கணக்கில் தண்ணீரைத் தேக்கினால் சேற்றுக்குள் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் கிளம்பும். காலை வைத்தால் குமிழி விடுமே, அதில் மீத்தேனும் இருக்கு. மீத்தேனை எதிர்த்த நாமே அதைக் கிளப்பலாமா? காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது நல்லது.

பச்சை ஹைட்ரஜன் வந்தால் சரியாகிவிடுமா?

2023 ஜனவரியில் ஒன்றிய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. சூரிய, காற்று மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது திட்டம். மீத்தேனை எரிப்பதைவிட இது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஹைட்ரஜனும் மூட்டையில்தான் வரும். விலையும் மானியமும் வேறு யாரோ தீர்மானிப்பதுதான். வயலில் பாதிக்கு மேல் வீணாவதும் மாறாது.

யூரியா ஒரே நாளில் நின்றால் நாடு பட்டினி கிடக்கும் என்பார்கள். உண்மைதான். உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு இன்று இந்த உரத்தை நம்பி இருக்கிறது. ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. இந்த ஆண்டு ஒரு ஏக்கரில் தழை விதையுங்க. முப்பது நாள் கழித்து வேரைத் தோண்டி, முடிச்சைக் கிள்ளிப் பாருங்க. சிவப்பா இருந்தா அந்த ஏக்கருக்கு ஒரு மூட்டை குறைச்சு வாங்குங்க. ஒன்றரை சிலிண்டர் மிச்சம்.