மறைக்கப்படும் மருவும் மருத்துவச் சந்தையும்

மருத்துவம் ஏன் மற்றப் பண்டங்களைப் போலச் சந்தையில் விலைபோவதில்லை என்பதைப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் விளக்கினார். மருத்துவருக்குத் தெரிந்தது நோயாளிக்குத் தெரியாது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. அதனுடன் வெட்கமும் சேர்ந்தால் சந்தை முற்றிலும் கோணலாகிவிடுகிறது. சிறுநீர் வெளியேறும் தாரைக்குள் தோன்றும் மரு இதற்குத் தக்க சான்று.

பாலுறவு வழியே பரவும் ஹெச்.பி.வி. தீநுண்மியின் 6, 11 ஆகிய வகைகளே பெரும்பாலும் இதற்குக் காரணம். புற்றுநோயை உண்டாக்கும் 16, 18 வகைகள் வேறு. தொற்றியபின் மரு வெளிப்படச் சில மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். எனவே இதை வைத்து வாழ்க்கைத் துணையின்மீது ஐயம் கொள்வது தவறு. சிறுநீர் இரு கிளையாகப் பிரிதல், இரத்தக் கசிவு ஆகியவை அறிகுறிகள். சிலருக்கு எதுவும் தெரியாது.

துவாரத்தின் விளிம்பிலுள்ள மருவைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்தோ அறுவை செய்தோ அகற்றலாம். உள்ளே இருப்பின், சிறுநீரகவியல் மருத்துவர் அகநோக்கியைச் செலுத்தி, எத்தனை உள்ளன, எங்குள்ளன என்று கண்டபின் லேசராலோ மின்சூட்டாலோ நீக்குவார். 5-ஃப்ளூரோயுராசில் களிம்பும் சிலருக்குப் பயன்படுத்தப்பட்டுள்ளது. உட்சவ்வைப் புண்ணாக்கக்கூடியது என்பதால் கண்காணிப்பு தேவை. தோல் மருவுக்கென விற்கப்படும் அமிலங்களை இங்கு இடவே கூடாது. ஆழமாகச் சுட்டால் தழும்பேறித் தாரை சுருங்கும். மருவைவிட அதுவே பெருந்தொல்லை. எந்த முறையும் தீநுண்மியை ஒழிப்பதில்லை. மரு மீண்டும் வருவது இயல்பு. ஆகவே, பேருந்து நிலையச் சுவரொட்டிகள் கூறும் 'ஒரே வாரத்தில் நிரந்தரத் தீர்வு' வெறும் விற்பனைச் சொல்.

ஆஸ்திரேலியா 2007-இல் பெண்களுக்கு இலவசத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. பாலியல் நல மையங்களுக்கு வந்த, 21 வயதுக்குட்பட்ட பெண்களிடம் மரு 11.5 விழுக்காட்டிலிருந்து 2011-இல் 0.85 விழுக்காடாகக் குறைந்தது. வியப்பு என்னவெனில், அத்திட்டத்தில் சேராத, பெண்களுடன் மட்டும் உறவுகொள்ளும் அதே வயது ஆண்களிடமும் அது 12.1-லிருந்து 2.2 விழுக்காடாக வீழ்ந்தது. ஒருவர் பெறும் பாதுகாப்பு மற்றவரையும் காப்பதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். வகுப்பறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2022-இல் ஒப்புதல் பெற்ற இந்தியத் தடுப்பூசியும் இந்நான்கு வகைகளையும் தடுப்பதே. எனினும் நம் விவாதம் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு நின்றுவிடுகிறது.

வந்துவிட்ட மருவைத் தடுப்பூசி கரைக்காது. அத்தகையோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவை அணுகலாம். துணையையும் உடன் அழைத்துச் செல்வது நன்று.