மடிக்கணினியோடு புறப்படும் பிள்ளைக்கு எந்த ஊர்?



தோட்ட வேலை என்றால் மரம் நிற்கும் இடத்திற்கு நாம் போக வேண்டும். பால்மரம் நம் வாசலுக்கு வராது. செம்பனைக் குலையும் வராது. அதனால்தான் காட்டின் ஓரத்திலேயே லயங்களைக் கட்டினார்கள். ஆனால் இன்று நம் பிள்ளைகளில் சிலர் பார்க்கும் வேலை வேறு மாதிரியானது. கணக்கு எழுதுவது, படம் வரைவது, கணினிக்கு நிரல் எழுதுவது போன்ற வேலைகளுக்கு ஒரு மடிக்கணினியும் நல்ல இணையத் தொடர்பும் போதும். முதலாளி ஒரு நாட்டில் இருப்பார். வேலை செய்பவர் இன்னொரு நாட்டில் இருப்பார். இதைத் தொலைநிலைப் பணி என்கிறோம். 2020-இல் கோவிட் பெருந்தொற்று வந்தபின் இது உலகெங்கும் பரவிற்று.

"அம்மா, நான் ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்துகொண்டு இதே வேலையைப் பார்க்கட்டுமா?" என்று மகள் கேட்டால் என்ன சொல்வது? ஒரேயடியாக மறுப்பதும் சரியல்ல. படித்த பிள்ளைக்குத் தெரியாததா என்று விட்டுவிடுவதும் சரியல்ல. குடும்பமாக உட்கார்ந்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று நகரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, தாய்லாந்தின் வடக்கே உள்ள சியாங் மாய். இரண்டாவது, போர்த்துகல் நாட்டின் தலைநகர் லிஸ்பன். 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் தாயகம் அது. மூன்றாவது, வட ஐரோப்பாவில் எஸ்தோனியாவின் தலைநகர் தாலின்.

முதலில் பார்க்க வேண்டியது அனுமதி. சுற்றுலாப் பயணியாக உள்ளே விடுவது வேறு. தங்கி வேலை பார்க்க விடுவது வேறு. எஸ்தோனியா 2020 ஆகஸ்டில் இத்தகைய பணியாளர்களுக்கென்றே ஒரு விசாவைத் தொடங்கியது. ஓராண்டு வரை தங்கலாம். ஆனால் முந்தைய ஆறு மாதங்களில் மாதம் 4,500 யூரோ சம்பாதித்ததாக 2024-இல் காட்ட வேண்டியிருந்தது. நம் பணத்தில் அது 20,000 ரிங்கிட்டுக்கு மேல். 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. அதைப்போல் ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு! இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். 2014 முதல் எஸ்தோனியா 'மின்-வதிவுரிமை' என்று ஓர் அட்டையை வெளிநாட்டாருக்கு வழங்குகிறது. பெயரைக் கேட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். இணையத்தின் வழி அங்கே கம்பெனி பதிந்து நடத்தத்தான் அந்த அட்டை. அதை வைத்துக்கொண்டு அந்நாட்டில் குடியிருக்க முடியாது.

போர்த்துகல் 2022 அக்டோபர் இறுதியில் இதேபோன்ற விசாவைத் தொடங்கியது. அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப்போல் நான்கு மடங்கு வருமானம் வேண்டும். 2024-இல் அது மாதம் 3,280 யூரோ. தாய்லாந்தோ 2024 ஜூலையில் ஐந்தாண்டு விசா ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஒருமுறை உள்ளே போனால் 180 நாள் தங்கலாம். கையில் ஐந்து லட்சம் பாட் சேமிப்பு இருப்பதைக் காட்ட வேண்டும். ஏறக்குறைய 60,000 ரிங்கிட். அந்த விசாவில் தாய்லாந்துக் கம்பெனிகளுக்கு வேலை செய்யக் கூடாது.

அடுத்தது நேரம். இதைப் பலர் போய்ச் சேர்ந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். மகள் வேலை பார்ப்பது கோலாலம்பூர்க் கம்பெனிக்கு, காலை 9 முதல் மாலை 6 வரை என்று வைத்துக்கொள்வோம். சியாங் மாயில் அது காலை 8 முதல் மாலை 5 வரை; தொல்லையில்லை. தாலினில் குளிர்காலத்தில் அதிகாலை 3 மணிக்குத் தொடங்க வேண்டும். லிஸ்பனில் இரவு 1 மணிக்கே தொடங்க வேண்டும். பால்வெட்டுக்கு விடியுமுன் எழுவது நமக்குப் புதிதல்ல. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஆனால் நாம் இரவில் தூங்கி எழுந்துதான் போனோம். வருடம் முழுவதும் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குவது உடம்பைக் கெடுக்கும். முதலாளி லண்டனில் இருந்தால் கணக்கு மாறிவிடும். லண்டனுக்கும் லிஸ்பனுக்கும் ஒரே நேரம். சியாங் மாயில் இருப்பவர்தான் நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஊரும் அதன் காற்றும். மூன்றிலும் செலவு குறைந்தது சியாங் மாய். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் தீ வைப்பதால் புகைமூட்டம் சூழ்ந்துகொள்ளும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்த மாதங்கள் ஆகாது. தாலினில் டிசம்பரில் பகல் ஆறு மணி நேரந்தான். இருட்டும் பனியும் மனத்தைச் சோர்வடையச் செய்யும். லிஸ்பனில் குளிர் கடுமையாக இராது. ஆனால் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போனதால், 2023 ஏப்ரலில் உள்ளூர் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். வெளியூர்ப் பணத்தால் வாடகை ஏறும்போது பிறந்த ஊரைவிட்டுப் போகிறவர்கள் உழைக்கும் குடும்பத்தினரே. அங்கே போகும் நம் பிள்ளை இதையும் அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவமும் வரியும் மறக்கக் கூடாதவை. ஒரு ரிங்கிட் கொடுத்து மருந்து வாங்கும் நம் அரசாங்கக் கிளினிக் அங்கே இல்லை. கையில் காப்புறுதி இருக்க வேண்டும். தாய்லாந்தில் ஓராண்டில் 180 நாளும், போர்த்துகல்லில் 183 நாளுக்கு மேலும் தங்கினால் வரிச் சட்டம் அவரை அந்நாட்டில் வசிப்பவராகக் கொள்ளும். நம் நாட்டில் மட்டும் கணக்குக் காட்டினால் போதாது.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி கடைசியில் வருகிறது. வேலை போய்விட்டால்? தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. ஓய்வு பெற்றபோதும், தோட்டம் கைமாறியபோதும், வீட்டைக் காலி செய்யச் சொல்லி எத்தனை குடும்பங்களுக்குக் கடிதம் வந்தது! தொலைநிலைப் பணியாளரின் விசாவும் ஒருவகையில் அந்த லயத்து வீடுதான். சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்த அனுமதி, சம்பளம் நின்றால் நிலைக்காது. குத்தகை முறையில் வேலை பார்ப்பவருக்கு ஊழியர் சேமநிதியில் முதலாளியின் பங்கும் சேராது. விரும்பித் தாமே செலுத்தினால்தான் உண்டு.

ஆகவே நாம் சொல்வது இதுதான். முதலாளி நம் வட்டாரத்தில் இருந்தால் சியாங் மாய் ஏற்றது, புகை மாதங்கள் நீங்கலாக. முதலாளி ஐரோப்பாவில் இருந்து, வருமானமும் போதுமானால் லிஸ்பனைப் பார்க்கலாம். தாலின், நன்றாகச் சம்பாதிப்பவர் ஓராண்டு இருந்து வரும் ஊர். இப்போதுதான் வேலையில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் இரண்டொரு வருடம் பெற்றோர் வீடே சிறந்த ஊர். வாடகை மிஞ்சும், அதுவே பிறகு சேமிப்பாகும்.

புறப்படும் நாளில் மூன்று பொருள்கள் கையில் இருக்கட்டும்: எழுத்தில் உள்ள வேலை ஒப்பந்தம், ஆறு மாதச் செலவுக்கான பணம், திரும்பி வர ஒரு டிக்கெட். நம் முன்னோர் கப்பலேறியபோது அவர்களில் பலரிடம் இவை இருக்கவில்லை. நம் பிள்ளைகளிடம் இருக்கும்படி நாம் பார்த்துக்கொள்ளலாம்.