வர்த்தக வேன்களும் உறுப்புத் தொழிலும்

மைசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றங்கரையில் உள்ள நஞ்சன்கூடு, ஸ்ரீகண்டேசுவரர் கோயிலால் புகழ்பெற்ற ஊர். போக்குவரத்தை ஆராய்வோருக்கு அது வேறொரு காரணத்தாலும் கவனத்துக்குரியது. இங்கிருந்து குண்டுலுப்பேட்டை செல்லும் சாலை, அங்கு நீலகிரிக்கும் வயநாட்டுக்குமாகப் பிரிகிறது. சாமராஜநகர் செல்லும் சாலையோ, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலத்தை அடைகிறது. யாத்திரிகர்களையும் காய்கறிகளையும் ஏற்றி இவ்வழிகளில் ஓடும் வேன், சமவெளிக்கும் மலைக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும். அத்தகைய வேன் நம் நாட்டில் உருவானது ஒரே நாளில் அன்று.

1958-இல் தொடங்கப்பெற்ற பஜாஜ் டெம்போ நிறுவனம், ஹாம்பர்க் நகரின் விடால் நிறுவனத்துடைய தொழில்நுட்பத்தைக் கொண்டு முதலில் மூன்று சக்கர வண்டிகளைத் தயாரித்தது; பின்னர் மெட்டடார் வேன் வந்தது. 2005-இல் நிறுவனத்தின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என மாறிய பின்னரும், சிறு சரக்கு வண்டி எதுவாயினும் ‘டெம்போ’ என்றே அழைக்கும் வழக்கம் நம்மவரிடையே மாறவில்லை.

மெட்டடாரின் சிறப்பு, எஞ்சின் முன்சக்கரங்களையே இயக்கியதாகும். பின்புறத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு தேவைப்படாமையால் தளம் தாழ்வாக அமைந்தது. சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் எளிதாயின. ஆனால் ஏற்றத்தில் ஏறுகையில் பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரங்களின் பிடிமானம் குறைகிறது. வண்டியைத் திருப்புவதும் இழுப்பதும் அதே சக்கரங்களின் வேலையாதலால், அவற்றின் மூட்டுகள் வளைவுப் பாதைகளில் விரைவில் தேய்கின்றன. சந்தைத் தெருவில் நன்மையாக இருந்த அமைப்பே மலையில் குறையாயிற்று. 1987-இல் வெளிவந்த டெம்போ டிராவலர் பின்சக்கரங்களால் இயங்கியது. டெய்ம்லர்-பென்ஸ் தொழில்நுட்பத்தில் அமைந்த அதன் டீசல் எஞ்சின் 2.4 லிட்டர் கொள்ளளவுடையது.

வடிவமைப்பு பாதி வேலையே. வாகன உற்பத்தியாளர், கிளட்ச், பிரேக், சக்கரம், டைனமோ, ஸ்பிரிங் பட்டை ஆகியவற்றைப் பெரும்பாலும் பிறரிடமிருந்தே வாங்குகிறார். சென்னை பாடியில் 1960-களின் தொடக்கத்தில் அமைந்த வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவையும், எரிபொருள் பம்பு தயாரித்த பெங்களூர் மைக்கோவும் இத்துறையின் தூண்களாயின. மைசூரிலேயே 1981-இல் நிறுவப்பட்ட ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் லாரிகளுக்கான பின் அச்சுகளைத் தயாரிக்கிறது.

இத்தகைய அடித்தளத்தின் மதிப்பு 1980-களில் புலப்பட்டது. டொயோட்டா, நிசான், மாஸ்டா, மிட்சுபிஷி ஆகிய நான்கு ஜப்பானிய நிறுவனங்கள் இந்தியப் பங்காளிகளுடன் இலகுரக வர்த்தக வாகனத் துறையில் நுழைந்தன. உறுப்புகளை முதலில் இறக்குமதி செய்து, படிப்படியாக உள்நாட்டு உற்பத்திக்கு மாறவேண்டும் என்பது அரசின் நிபந்தனை. 1985-இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 250 யென்னாக இருந்த மாற்று விகிதம், 1988-இல் 130-ஐ ஒட்டி வந்தது. யென்னின் மதிப்பு இவ்வாறு உயர்ந்ததால் இறக்குமதி உறுப்புகளின் விலை ஏறிற்று. அந்நேரத்தில், 1986-இல், டெல்கோ தன் 407 வண்டியை இறக்கியது. அதன் உறுப்புகள் உள்நாட்டில் கிடைத்தன. பழுதுபார்க்கவும் பழகிய கைகள் இருந்தன. அதுவே சந்தையை வென்றது. ஆல்வின் நிசான் மகிந்திரா வசமும், டி.சி.எம். டொயோட்டா பின்னர் தேவூ வசமும் சென்றன. ஐஷர் நிறுவனமோ தாக்குப்பிடித்து வளர்ந்தது; ஆதலின் கூட்டு முயற்சி அனைத்தும் தோற்றதாகக் கூறுவது பொருந்தாது.

கடனில் வண்டி வாங்கிய உரிமையாளருக்கு இவ்வேறுபாடு நேரிடையானது. உதிரிப்பாகத்துக்காக வண்டி பத்து நாள் நின்றால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை-6 புகை விதிகளுக்குப் பின்னர் இச்சிக்கல் புது வடிவெடுத்துள்ளது. முன்பு சாலையோரப் பட்டறையிலேயே கழற்றிப் பூட்டப்பட்ட எரிபொருள் அமைப்பு, இன்று உணர்கருவிகளும் மின்னணுக் கட்டுப்பாடும் கொண்டது. அதன் பழுதை அறியவே கணினிக் கருவி வேண்டும். அக்கருவியும் அதைக் கையாளும் பயிற்சியும் நஞ்சன்கூடு போன்ற சிற்றூர்களின் பட்டறைகளை எட்டும்வரை, வண்டியை மைசூருக்கு இழுத்துச் செல்லும் செலவை உரிமையாளரே ஏற்கவேண்டியிருக்கும்.